சீனியர் வந்துகொண்டிருக்கிறார்

மாத்ருபூதம் என்ற பெயரோடு ஒருவர் இருந்தால் அவர் அநேகமாகத் திருச்சிக்காரராகத்தான் இருப்பார். மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வடமொழியில் அதுதான் பெயர். நம் வக்கீல் மாத்ருபூதம் அதோடு நிற்காமல், மட்டுவார்குழலி என்று அம்மனின் பெயரையே வைத்திருந்த பெண்ணாகப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டார். சாமியும் அம்மனும் ஒரே வீட்டில் குடியிருக்கும்போது இவர் எதற்கு மலையேற வேண்டும் என்று கோர்ட்டில் மற்ற வக்கீல்கள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மனிதர். அவருடைய ஜூனியர் உமாமகேஸ்வரிக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது அந்தச் சிரிப்புதான். கழுத்தறுக்கப் போகிறவன் முகத்தில் முன்கூட்டியே ஏதாவது தெரிந்து தொலைத்தால் என்ன?

உமா உறையூர்ப் பெண். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். சட்டம் படித்து முடித்துக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தபோது அவளை ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. ஒரு சீனியர், "கல்யாணம் எப்பம்மா?" என்று கேட்டார். இன்னொருவர், வீட்டில் வேறு யார் வக்கீல் என்று கேட்டு, யாருமில்லை என்றதும் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். அலுத்துப் போய்க் கடைசியாக அவள் ஏறியது பாலக்கரையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருந்த மாத்ருபூதத்தின் ஆபீஸ். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன் அவர். பாலக்கரையிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே போர்டு மாட்டியவர்.

"உக்காரும்மா" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் ஸ்ரீரங்கத்துல பராசரன் சார்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன். மகா மூளைக்காரர். ஆனா அவர் ரூம்ல ஜூனியர் உக்காரக் கூடாது. கால் கடுக்க நின்னுக்கிட்டேதான் அத்தனையும் படிச்சேன். என் ஆபீஸ்ல யாரும் நிக்க வேண்டாம்."

அந்த ஒரு நாற்காலிக்காக உமா அவருக்கு உயிரையே கொடுத்திருப்பாள். அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அவர் உள்ளே வந்தால் அவள் எழுந்து நிற்பாள். அவர் கிளம்பினாலும் எழுந்து நிற்பாள். "உக்காரு உமா, நான் என்ன ஜட்ஜா?" என்பார். அவள் கேட்கமாட்டாள். யாராவது கிளையண்ட் வந்து, "அந்தப் பொண்ணுகிட்ட பேப்பரைக் குடுத்துட்டுப் போறேன்" என்றால், "பொண்ணு இல்லைங்க, வக்கீலு" என்று திருத்துவார். அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பொல்லாதவர். கோர்ட்டில் வழக்கைக் கூப்பிடும்போது சீனியர் இல்லையென்றால், ஜூனியர் எழுந்து "பாஸ் ஓவர்" கேட்க வேண்டும். இதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மற்ற வழக்குகளை முடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள், சீனியர் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஜூனியராகப் பிறந்த எல்லாரும் தினம் பாடுகிற பாட்டு அது. சேர்ந்த புதிதில் ஒருநாள் உமா அதைக் கேட்காமல் தானே எழுந்து வாதாடி, நல்ல உத்தரவும் வாங்கிவிட்டாள். பாராட்டுவார் என்று ஆபீஸில் காத்திருந்தாள். மனிதர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சொன்னார்:

"நான் வரேன்னு சொன்னா வருவேன், உமா. நான் வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. ஜனங்க என்னை நம்பி வந்திருக்காங்க."

அதற்குப் பிறகு உமா அந்தத் தப்பைச் செய்ததே இல்லை. எத்தனையோ வருஷம், எத்தனையோ வழக்கு. அவர் வருகிறேன் என்றால் வந்தார். மூச்சு வாங்க, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே வருவார். அவள் நகர்ந்து இடம் விடுவாள்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கிடங்குத் தெரு வழக்கு. பாலக்கரைக்கு உள்ளே, ஆட்டோ நுழைந்தால் திரும்ப முடியாத சந்து அது. மண் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். மேலே இருக்கிற வீடுகள் மட்டும் ஜனங்கள் தாங்களே கட்டிக்கொண்டவை. தாத்தா காலத்திலிருந்து தரை வாடகை கட்டி வந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் லக்ஷ்மிகாந்த் அறக்கட்டளைத் தலைவராக வந்ததும், அந்த இடத்தில் பெரிய வணிக வளாகம் கட்டலாம் என்று தோன்றிவிட்டது. எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டார். முதல் பிரதிவாதி வீரம்மாள். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறவள். கோர்ட்டுக் காகிதத்தில் தன் பெயர்தான் முதலில் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

வழக்கு நடக்கும்போதே ஒருநாள் இடிக்க ஜேசிபி வந்தது. மாத்ருபூதம் தடை உத்தரவை வாங்கிக்கொண்டு, கவுனைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரில் பறந்து வந்து, இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார். பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் உமா. மறுநாள் பேப்பரில் படம் வந்தது, அவள் முழங்கை மட்டும் தெரிகிற மாதிரி. அந்தப் படம்தான் அவரை அரசியலுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஒரு கட்சி கூப்பிட்டது, இவரும் போனார், தேர்தலில் டிக்கெட்டும் கொடுத்தார்கள். பிரச்சாரத்தைக் கிடங்குத் தெருவில்தான் தொடங்கினார்.

"இந்தத் தெருவுல ஒரு செங்கல் பேந்தாலும் நான் எம்.பி. பதவிய ராஜினாமா பண்ணிட்டு வந்துருவேன்!" என்றார். பதவி இன்னும் கிடைக்கவேயில்லை, அதற்குள் ராஜினாமா. ஜனங்கள் கைதட்டினார்கள். உமாவும்தான் தட்டினாள்.

ஜெயித்தார். பார்லிமென்டில் முதல் முறையாகப் பேசியபோது தமிழில் பேசினார், அதில் கிடங்குத் தெருவின் பெயரைச் சொன்னார். தெருவே செல்போனைச் சுற்றிக் கூடி நின்று பார்த்தது. "நம்ம தெருப் பேரு டெல்லி வரைக்கும் போயிருச்சே" என்று வீரம்மாள் வீடு வீடாகப் போய் லட்டு கொடுத்தாள். அவர் மன்னார்புரத்தில் பெரிய வீட்டுக்குக் குடிபோனார். பாலக்கரை ஆபீஸை உமா பார்த்துக்கொண்டாள். போர்டில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் எழுதச் சொன்னது அவர்தான்.

சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து வழக்கு வாதத்துக்கு வந்து நின்றது. உமா அத்தனையும் தயாராக வைத்திருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

"சார், நானே பேசிடட்டுங்களா?" என்று போனில் கேட்டாள்.

"அது என் கேஸ், உமா. அதை வெச்சுத்தான் நான் டெல்லிக்கே வந்திருக்கேன். நான்தான் முடிக்கணும். வாய்தா வாங்கு."

வாங்கினாள். கூட்டத்தொடர் என்றார், வாங்கினாள். கமிட்டி என்றார், வாங்கினாள். அடுத்த தேர்தலும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஜட்ஜம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இதுதான் கடைசி வாய்தா, அன்றைக்கு வாதம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். உமா அதை அப்படியே அவரிடம் சொன்னாள். "முதல் நாளே ஊருக்கு வந்துடறேன். கவலைய விடு" என்றார்.

அன்றைக்குக் கிடங்குத் தெருவே கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. வீரம்மாள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். காலையில் வழக்கைக் கூப்பிட்டதும் உமா எழுந்து பாஸ் ஓவர் கேட்டாள். கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தன் வாதத்தை ஏற்கெனவே முடித்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி கூப்பிட்டார்கள்.

"யுவர் ஆனர், சீனியர் வந்துகிட்டு இருக்காங்க."

"எங்க வந்துகிட்டு இருக்கார்?"

உமா கையிலிருந்த போனைப் பார்த்தாள். மெசேஜ் அப்போதுதான் வந்திருந்தது. மன்னார்புரம் சிக்னலில் இருக்கிறேன், பாஸ் ஓவர் கேள் என்று. "மன்னார்புரம் சிக்னல்ல இருக்காங்க, யுவர் ஆனர்" என்றாள். மன்னார்புரத்திலிருந்து கோர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஜட்ஜம்மாவே தலையாட்டினார்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து மூன்றாவது முறை கூப்பிட்டபோதும் அவர் வரவில்லை. ஜட்ஜம்மா கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "நீங்களே பேசலாமேம்மா. உங்களுக்குத் தெரியாத கேஸா? ஆரம்பிங்க, கேக்கறேன்" என்றார்.

உமாவின் வாய் வரைக்கும் முதல் வாக்கியம் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வாரம், அவர் முகம் கொடுத்துப் பேசாத அந்த வாரம், குறுக்கே வந்து நின்றது. இதோ கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நிற்பார், நாம் பாதியில் பேசிக்கொண்டிருப்போம் என்று பயம். "இன்னும் அஞ்சு நிமிஷம், யுவர் ஆனர். சீனியர் வந்துகிட்டே இருக்காங்க."

ஜட்ஜம்மா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிரதிவாதிகள் தரப்பில் வாதம் இல்லை என்று பதிவானது. எழுத்து மூலமாவது தாக்கல் செய்கிறேன் என்று உமா கெஞ்சிப் பார்த்தாள். இத்தனை வாய்தாவுக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்றார் ஜட்ஜம்மா. நியாயம்தானே.

சாயங்காலம் அவர் பாலக்கரை ஆபீஸுக்கு வந்தார். வெள்ளை வேட்டியில் ஒரு கசங்கல் இல்லை. தெருக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். உமா எழுந்து நின்றாள். மந்திரி ஒருவர் வழியில் போனில் பிடித்துக்கொண்டார், வைக்கவே முடியவில்லை என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீயாவது எந்திரிச்சுப் பேசியிருக்கலாமே, உமா? உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்?"

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். வீரம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அடித்திருந்தால்கூடத் தேவலை. நம் தப்புதானே, பேசியிருக்கலாம்தானே என்று உமாவே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதாள். தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்தில் எல்லாரும் காலி செய்ய வேண்டும்.

தீர்ப்பு நகல் வாங்க வந்தவன் வீரம்மாளின் மகன் ஆண்டி. கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுகிற ஆள். பெண்டாட்டி பிள்ளைகளோடு அதே கிடங்குத் தெரு வீட்டில் இருக்கிறான். அம்மா கோபமாக இருப்பதற்கு அவன்தான் சமாதானம் சொன்னான்.

"மனசுல வெச்சுக்காதீங்க வக்கீலம்மா. ஐயா எப்படியும் பேசி முடிச்சுருவாரு. நானே கண்ணால பாத்தேனே."

"என்ன பாத்தீங்க?"

"கேஸ் அன்னிக்கு எனக்கு ஸ்ரீரங்கத்துல வேலை. லக்ஷ்மிகாந்த் சாமி வீட்டு அறுபதாம் கல்யாணம். நம்ம ஐயா முதல் பந்தியில உக்காந்திருந்தாரு. நான்தான் இலை போட்டேன். 'ஆண்டி, நல்லா இருக்கியா'ன்னு பேர் சொல்லிக் கேட்டாரு! ரசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு. இடது கையால போன்ல ஏதோ அடிச்சுக்கிட்டே இருந்தாரு. சமாதானம் பேசத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். அதெல்லாம் ரகசியமா நடக்கணுமில்ல, அதான் அம்மாகிட்டகூடச் சொல்லல."

இடது கையால் அடித்தது என்ன என்று ஆண்டிக்குத் தெரியாது, உமாவுக்குத் தெரியும். மன்னார்புரம் சிக்னல். காவிரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டுக்கொண்டே ஊருக்கு இந்தக் கோடியில் இருக்கிற சிக்னலில் நின்றிருக்கிறார் மனிதர். லக்ஷ்மிகாந்துக்குக் கட்சித் தலைமை வரைக்கும் செல்வாக்கு உண்டு. அடுத்த டிக்கெட்டுக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் புரிந்துவிட்டது.

இல்லை, எல்லாம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆண்டி போன பிறகுதான் மீதியும் விளங்கியது. வழக்கைத் தோற்க வேண்டும் என்றால் அவர் வராமல் இருந்தால் மட்டும் போதாது, உமா எழுந்து பேசிவிடக் கூடாது. அதற்கு ஒரே வழி, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. வேறு எந்த ஜூனியராக இருந்தாலும் மூன்றாவது தடவை எழுந்து பேசியிருப்பார்கள். இவள் பேசமாட்டாள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் தெருவை விற்றார் என்பதுகூட இரண்டாவதுதான். அவள் அவர்மேல் வைத்திருந்த விசுவாசத்தை எடுத்து, அதைக் கொண்டே அந்த ஜனங்களின் வாயை அடைத்தார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் தானும்தானே கூட்டாளி?

அதே வாரத்தில் கட்சியின் வேட்பாளர் பட்டியல் வந்தது. மாத்ருபூதத்தின் பெயர் அதில் இல்லை. நவநீதன் என்ற தொழிலதிபருக்கு டிக்கெட். லக்ஷ்மிகாந்துக்கு அவர்தான் வேண்டியவராம். டெல்லியில் இவரை வாசலில் உட்கார வைத்து, தலைவர் வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று சாயங்காலம் வரை சொல்லிவிட்டு, பின்வழியாகப் பட்டியலை வெளியிட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உமாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாலக்கரை ஆபீஸுக்கு வந்துவிட்டார். பழைய நாற்காலி, பழைய சிரிப்பு. அப்பீல் போட வேண்டும் என்று தெருக்காரர்களை அவரே வரச் சொல்லியிருந்தார். வக்காலத்துப் பத்திரம், அதாவது இன்னார்தான் எங்கள் வக்கீல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம், அவர் பெயரோடு மேஜைமேல் இருந்தது. அவள் பெயரைக் காணோம்.

வீரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க வந்துட்டீங்கள்ல, இனி எங்களுக்கு என்னங்கய்யா கவலை" என்றாள். உமா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அப்பீல்ல நானே நின்னு பேசறேன், வீரம்மா" என்றார் மாத்ருபூதம். "போன தடவை நடந்தது மாதிரி நடக்காது. யாரையும் நம்பி விடமாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால், உமா வாயைத் திறந்திருக்கமாட்டாளோ என்னவோ. வீரம்மாள் பேனாவை எடுத்தாள்.

"ஆண்டி" என்றாள் உமா. குரல் கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற குரலாக இருந்தது. "கேஸ் அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஆண்டி ஐயாவைப் பார்த்தான். அவர் சிரிப்பு இன்னும் போகவில்லை. "ஸ்ரீரங்கத்துலங்கம்மா. அறுபதாம் கல்யாணம்."

"யார் வீட்டுல?"

"லக்ஷ்மிகாந்த் சாமி வீட்டுல."

"ஐயா எப்ப அங்க வந்தாரு?"

"காலையில மாலை மாத்துறப்பவே இருந்தாருங்கம்மா."

"எது வரைக்கும்?"

"பந்தி முடிஞ்சு, தாம்பூலம் வாங்கிக்கிட்டு... அப்புறமும் உள்ள ரூம்ல பேசிக்கிட்டு..." ஆண்டியின் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஏதோ சரியில்லை என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

உமா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. மன்னார்புரம் சிக்னல் என்று அவள் ஜட்ஜம்மாவிடம் சொன்னதை ஆண்டியைத் தவிர அந்த அறையில் இருந்த தெருக்காரர்கள் அத்தனை பேரும் வராந்தாவிலிருந்து கேட்டவர்கள்தான்.

"உமா, இது அரசியல். உனக்குப் புரியாது" என்றார் மாத்ருபூதம். "வீரம்மா, நான் விளக்கமா..."

வீரம்மாள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. விருந்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ரசம் நல்லா இருந்துச்சாங்கய்யா?"

அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். யாரும் காதில் வாங்குகிற மாதிரி இல்லை. வீரம்மாள் உமா பக்கம் திரும்பி, "உங்க பேர் போட்ட காகிதம் ஒண்ணு எடுங்க வக்கீலம்மா. ஆனா ஒண்ணு, நீங்களும் எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். அந்த அடியும் உமாவுக்குச் சேர வேண்டியதுதான். தலையைக் குனிந்துகொண்டு இழுப்பறையைத் திறந்தாள்.

மாத்ருபூதம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல் பக்கம் நடந்தார். அவர் எழுந்ததும் உமாவும் எழுந்து நின்றுவிட்டாள். வேண்டுமென்று இல்லை, இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாக எழுந்துவிட்டது. தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

"உக்காரு உமா" என்றார்.

அவர் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டு முடிகிற வரைக்கும் அவளால் உட்கார முடியவில்லை.